மலை ஏறும் முன் வாசுதேவநல்லூரில் இரண்டு நாள்

ராஜபாளையம் தாண்டித் தென்காசிக்குப் போகிற ரோட்டில் மேற்கே மலை கூடவே வரும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊர்கள் மாறினாலும் மலை விடாது. ஆனால் ரோடு முழுக்கச் சமதளம். குற்றாலத்து மெயின் அருவி, ஐந்தருவி வரைக்கும் பெரிய ஏற்றம் கிடையாது. செங்கோட்டை தாண்டி, புளியரையில்தான் வண்டிக்கு நிஜமான பரீட்சை ஆரம்பம்.

எங்களுடையது பழைய வேன். பின்னால் படுக்கை, தண்ணீர் கேன், சின்ன அடுப்பு எல்லாம் உண்டு. ஆறு பேர். குற்றாலத்தில் மூன்று நாள் குளியல், அப்புறம் ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கொல்லம் கடற்கரை என்பது திட்டம். கிளம்பும் முன் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டு தந்தார். முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, பிரேக் ஆயில் பழசு, பின் டயர்களில் மெல்லிய வெடிப்பு, சைலன்சர் ஜாயின்ட்டில் லேசான கசிவு, வைப்பர் ரப்பர் காய்ந்திருக்கிறது. "ஓடும் சார், ஆனா பாத்துக்கோங்க."

இந்த 'பாத்துக்கோங்க'வுக்கு இங்கிலாந்தில் தனி இடமே இருக்கிறது. அங்கே 1960-இல் தொடங்கிய எம்.ஓ.டி. சோதனையில் வண்டி பாஸ் ஆனாலும், 'இதைக் கவனியுங்கள்' என்று எழுதித் தருவார்கள். நம் ஊர் எஃப்.சி.யில் பாஸ் அல்லது ஃபெயில்தான். சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள். "போன வருஷம்தான் பாஸ் பண்ணினோம், அப்புறம் என்ன?" என்றார் மச்சான்.

வாசுதேவநல்லூரில் அத்தை வீடு. சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சீட்டை வைத்துப் பஞ்சாயத்து. சைலன்சர் கசிவை எல்லோரும் சிரித்துத் தள்ளினார்கள், சத்தம்தானே என்று. எனக்கு அதுதான் உறுத்தியது. காருக்கு அது சத்தம். ஆட்கள் படுத்துத் தூங்கும் வண்டிக்கு அது வேறு. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தைகள் பின்னால் தூங்க, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் வந்த இதே வாயுதான் காரணம். அதைச் சொன்னதும் அத்தை, "முதல்ல அதைச் சரி பண்ணுங்கய்யா, அருவி எங்கயும் ஓடிப் போயிராது" என்றார்.

பிரேக் விஷயத்தில் வாக்குவாதமே இல்லை. ஏறும்போது கஷ்டப்படுவது இன்ஜின், இறங்கும்போது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தொடர்ந்து மிதித்துச் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

டயரில்தான் சிக்கல். பட்டன் நன்றாகவே இருந்தது. சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு மேலேயே. ஆனால் டயரின் பக்கவாட்டில் தேதி போல நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. எங்களுடையதும் அந்த வயசுதான். இந்த சைஸ் உள்ளூரில் இல்லை. தென்காசியில் சொல்லி வைத்தால் மூன்று நாளில் வரும் என்றார்கள்.

உள்ளூர் பட்டறையில் சைலன்சரும் பிரேக்கும் முடிய இரண்டு நாள் ஆனது. நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இந்த ஊரை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போயிருப்போம். மலையடிவாரத் தலையணையில் குளிர்ந்த தண்ணீர். குற்றாலத்துக் கூட்டம் இல்லை. சிந்தாமணிநாதர் கோயிலில் மூலவரே அர்த்தநாரீஸ்வரர். கிழக்கே நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் நினைவு மாளிகை. 1755-இல் கர்னல் ஹெரான் படையோடு வந்து திரும்பிப் போன கோட்டை இருந்த ஊர். 1761-இல் யூசுப்கான் பிடித்த பூலித்தேவர் கோட்டைகளில் வாசுதேவநல்லூரும் ஒன்று. பையன்கள் கோட்டையைத் தேடினார்கள். அம்மா புளியங்குடி எலுமிச்சையை மூட்டையாக வாங்கினார்.

மூன்றாம் நாள் மெதுவாக, காலை வெயில் ஏறும் முன் தென்காசிக்கு ஓட்டினோம். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். வண்டியை டயர் கடையில் விட்டுவிட்டு, மலையைத் தாண்ட மச்சானே வழி சொன்னார்: ரயில். 1904-இல் மீட்டர் கேஜாகத் தொடங்கி, 2018-இல் அகல பாதையாகத் திரும்பி வந்த செங்கோட்டை – புனலூர் பாதை. குகைகளுக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் குழந்தைகள் போட்ட கூச்சலில் காது போயிற்று. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் எல்லோரும் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டோம். கீழே ரோட்டில் வேன்கள் வரிசையாக வளைந்துகொண்டிருந்தன.

தென்மலை நெருங்கும்போது போன் வந்தது. ஒரு டயர் வந்துவிட்டதாம், இன்னொன்று நாளைக்காம்.