சேவல் கொண்டையும் குதிரை முட்டியும்

முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று சேலத்து டாக்டர் சொன்னார். மருந்தின் பெயர் ஹயலுரானிக் அமிலம். எந்தத் தாளையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் குமாஸ்தா. வீட்டுக்கு வந்து அது என்ன, ஏது என்று தேடிப் படித்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் தேய்ந்துபோன மூட்டுக்கு ‘ஆர்த்ரோஸ்’, அழற்சியால் வீங்கிய மூட்டுக்கு ‘ஆர்த்ரித்’ என்று தனித்தனிச் சொல் உண்டு. நாம் இரண்டையும் மூட்டுவாதம் என்று ஒரே தலைப்பில் பற்று எழுதிவிடுகிறோம். என்னுடையது முதல் ரகம், தேய்மானம்.

மூட்டுக்குள் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பான திரவம் இருக்கிறது. அதற்கு அந்த வழவழப்பைக் கொடுப்பது இந்த அமிலம்தான். 1934ல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் நியூயார்க்கில் இதை மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பிறகு எண்ட்ரே பலாஸ் என்ற ஹங்கேரிக்காரர் சேவல் கொண்டையிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தார். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கோழியில் இப்படியும் ஒரு வியாபாரம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறோம்!

அந்த மருந்தை யாருக்கு முதலில் போட்டுப் பார்த்தார்கள் என்பதுதான் விசேஷம். பந்தயக் குதிரைகளுக்கு. முட்டி வீங்கி நொண்டிய குதிரைகளுக்கு மூட்டுக்குள் செலுத்தியதைப் பற்றிய கட்டுரை 1970ல் வெளிவந்தது. மனித முழங்காலுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1997ல். ஆக, இந்த விஷயத்தில் குதிரை நமக்கு சீனியர்.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்துத் தெரு குதிரைக்காரத் தம்பி வந்தான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாட்டியக் குதிரை விடுகிறவன். மேளத்துக்கு ஏற்றபடி தார் ரோட்டில் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி அடிக்க வேண்டும். சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் பத்தில் ஆறு பங்கு முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. ஆடினால் கேட்கவா வேண்டும். இடது முட்டி வீங்கி, காலையில் எழுந்ததும் நாலு எட்டு நொண்டுகிறது என்றான்.

“அய்யா, ஊசி ஒண்ணு போட்டா இந்த முகூர்த்தம் தாண்டிருமுங்க. நாலு இடத்துல அட்வான்ஸ் வாங்கிட்டேன். டாக்டர்கிட்ட நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

கூடவே போனேன். கால்நடை டாக்டர் வயதில் சின்னவர், ஆனால் நிதானம். காலை மடக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, பிறகு பொறுமையாகச் சொன்னார். ஸ்டீராய்டு ஊசியை மூட்டில் போட்டால் வீக்கமும் வலியும் சீக்கிரம் குறையும். ஆனால் வலி குறைந்ததும் குதிரை பழையபடி காலை அடிக்கும், மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் போய்விடும். ஊசி வழியாகக் கிருமி உள்ளே போனால் மூட்டே சீழ் பிடிக்கும். சில குதிரைகளுக்கு ஸ்டீராய்டு குளம்பையும் கெடுக்கும். அமெரிக்காவில் பந்தயத்துக்கு முந்தைய 14 நாட்களுக்குள் குதிரையின் மூட்டில் ஸ்டீராய்டு போடக்கூடாது என்று விதியே இருக்கிறதாம். வலியை மறைத்து ஓடவிட்டால் கால் முறியும் என்ற பயம்தான் காரணம்.

“சதையில போடுற ஊசி இருக்குதாமே, யூடியூப்ல பார்த்தேனுங்க” என்றான் தம்பி. இருக்கிறது. மாட்டின் மூச்சுக்குழாய்க் குருத்தெலும்பிலிருந்து செய்வது, நாலு நாளைக்கு ஒன்றாக ஏழு ஊசி. அதைப் போட்டாலும் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். தீவனத்தில் கலக்கும் குளுக்கோசமைன் பொடி இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. குதிரை தின்றால் அதில் மிகச் சொற்பமே ரத்தத்தில் சேர்கிறது. “அந்தக் காசுக்கு நல்ல லாடம் அடிங்க, எடையைக் குறைங்க, ஒண்ணரை மாசம் மண் தரையில மட்டும் நடத்துங்க” என்று முடித்துவிட்டார்.

தம்பி முகம் சுருங்கிவிட்டது. ஒன்றரை மாதம் என்றால் ஒரு முகூர்த்த சீசனே போச்சு. குதிரைக்குத் தீவனம் நிற்காது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பென்ஷன் வாங்குகிறவன் ஓய்வைப் பற்றி உபதேசம் செய்வது சுலபம்.

அந்த டாக்டரைப் பார்த்து ஒரு கேள்வி கற்றுக்கொண்டேன்: வலி போனால் இந்தக் காலை வைத்து என்ன செய்யப்போகிறோம்? சேலத்து டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, போலி ஊசியைவிட இந்த ஊசியால் முழங்கால் வலி குறைவது மிகக் கொஞ்சம்தான் என்கிறது. அதையும் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார், செய்துகொண்டிருக்கிறேன்.

தம்பி இரண்டு இடத்தில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தான். மற்ற இரண்டுக்கு ஆத்தூர்க்காரர் ஒருவரின் குதிரையை அனுப்பினான், கமிஷன்கூட வாங்கவில்லை. இப்போது அவன் குதிரை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நடக்க மட்டும்தான் போகிறது. ஆட்டம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், “இதுக்கு வயசாயிருச்சுங்க” என்கிறான். அதற்கு வயது பதினொன்றுதான்.