ஏழு, மூணு, ஒண்ணு!

ஹாக்கி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் புல்தரை, வளைந்த மட்டை, பாஸ்கரன், தன்ராஜ் பிள்ளை. அவ்வளவுதான். 2017-ல் கம்பெனி என்னை ஆறு மாத ப்ராஜெக்ட்டுக்காக டொரான்டோவுக்கு அனுப்பியது. அங்கே போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. நம்ம ஆட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபீல்ட் ஹாக்கி'. வெறும் ஹாக்கி என்றால் ஐஸ் மேல் ஆடுவது. காலில் சறுக்கு ஷூ. பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. நடுநடுவே இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்துக்கொள்வார்கள். ரெஃப்ரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாவகாசமாக வந்து விலக்கிவிடுவார். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் சண்டையை டைம் கீப்பர் வேடிக்கை பார்ப்பாரே, அதே மாதிரி!

என் பக்கத்து சீட்டில் ஒரு கனடாக்காரர். அவருக்கு வயது ஐம்பது. அந்த ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1967-ல். அதாவது மனுஷன் பிறந்த வருஷம்! நம்ம ஊராக இருந்தால் "பொறந்த நேரம் அப்படி" என்று பாட்டி சொல்லியே அவரை ஊரைவிட்டுத் துரத்தியிருப்பாள். அவரோ வருஷா வருஷம் நம்பிக்கையோடு டி-ஷர்ட் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம். சீசன் முடிந்துவிட்டது. அப்போதும் அவர் ஸ்போர்ட்ஸ் பக்கத்தை பஞ்சாங்கம் மாதிரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டமே முடிஞ்சு போச்சே ஸார், இன்னும் என்ன பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"இனிமேல்தான் ஆட்டம்!" என்றார்.

விஷயம் இதுதான். அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2017-18 சீசனுக்கு ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளம் ஏழரைக் கோடி டாலர். அதற்குமேல் ஒரு தம்பிடி தரமுடியாது. ஒருத்தனுக்கு இன்க்ரிமென்ட் போட்டால் இன்னொருத்தனைக் கழற்றிவிட வேண்டும். ஆகவே கோடை விடுமுறை முழுக்க மானேஜர்கள் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அந்த வருஷம் கூடுதலாக ஒரு கூத்து. லாஸ் வேகஸில் புது அணி பிறந்திருந்தது. லீகில் சேர முதலாளி கட்டிய ஃபீஸே 50 கோடி டாலர். பணம் கட்டியாச்சு, ஆட்கள்? மற்ற 30 அணிகளிடமிருந்தும் ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு அணியும் ஏழு முன்வரிசைக்காரர், மூன்று தடுப்பாட்டக்காரர், ஒரு கோலி என்று லிஸ்ட் போட்டு 'இவங்களைத் தொடாதே' என்று சொல்லிவிடலாம். முன்வரிசை, தடுப்பு என்று பிரிக்காமல் எட்டுப் பேரும் ஒரு கோலியும் என்றாலும் சரி. ஒன்றிரண்டு வருஷ சர்வீஸ் உள்ள சின்னப் பையன்களையும் தொடக்கூடாது. மிச்சத்தில் பொறுக்கிக்கொள்ள வேண்டியது!

லிஸ்ட்டுகள் வெளியான அன்று கனடாக்காரர் எங்கள் செக்‌ஷனில் ஒரு பந்தயம் வைத்தார். ஆளாளுக்கு வேகஸ் மானேஜர் ஜார்ஜ் மெக்ஃபீயாக மாறி 30 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானும் உட்கார்ந்தேன். ஆட்டம் தெரியாதவனுக்குத் துணை ஏது? புள்ளிவிவரம்தான்! பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்து மாப்பிள்ளை பேசுகிறவன் மாதிரி, போன வருஷம் எத்தனை கோல் என்பதை மட்டும் பார்த்தேன். கொலம்பஸ் அணியில் வில்லியம் கார்ல்சன் என்று ஒரு ஸ்வீடன்காரர். சீசன் முழுக்க ஆடி 6 கோல். அடித்தேன் பேனாவால்!

ஜூன் 21-ம் தேதி ராத்திரி நிஜ லிஸ்ட் வந்தது. அதில் கார்ல்சன்! அதைவிடக் கூத்து, அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லி கொலம்பஸ்காரர்கள், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் தங்களுடைய முதல் சுற்று வாய்ப்பையும், பின்னால் வரும் ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்களைத் தொடாமல் இருந்தால் சரி, இவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சீர்வரிசை வைத்து அனுப்பியிருந்தார்கள்! ஃப்ளோரிடா அணியோ 30 கோல் அடித்த மார்ஷஸோவை விட்டுக்கொடுத்ததோடு, சம்பளச் சுமை குறையட்டும் என்று ரைலி ஸ்மித்தையும் தாரை வார்த்திருந்தது.

கனடாக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யாரை எடுத்தாங்கன்னு எல்லாரும் பாப்பாங்க. யாரை வேண்டாம்னாங்க, அதைப் பாரு. மானேஜரோட மண்டை அங்கேதான் தெரியும்."

இதைக் கேட்டுவிட்டு நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் அதே வாரம் சென்னையிலிருந்து என் மானேஜர் போன் பண்ணினார். "க்ளையன்ட் பட்ஜெட்டைக் குறைச்சுட்டான்பா. சென்னையில உன் டீம்ல எட்டுப் பேர்ல அஞ்சு பேர்தான் இருக்கலாம். மூணு பேரை பெஞ்ச்ல போட்டுடுவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள லிஸ்ட் குடு."

பெஞ்ச் என்றால் பார்க்கில் இருக்கும் பெஞ்ச் அல்ல. வேலை இல்லாமல் ஆபீசுக்கு வந்து, காபி மெஷினையும் மெயிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்படி மூன்று மாதம் போனால் ஹெச்.ஆரிலிருந்து அன்போடு கூப்பிடுவார்கள்.

நான் என்ன செய்தேன்? பந்தயத்துக்குச் செய்த அதே காரியம்தான். யார் எத்தனை டிக்கெட் முடித்தார்கள் என்று எக்ஸெலில் இறங்கு வரிசையில் போட்டேன். முதல் ஐந்தை வைத்துக்கொண்டேன். ஆறாவதாகக் கோவில்பட்டிப் பையன் ஒருத்தன். வாய் திறந்து பேசமாட்டான். கோடு போட்டேன். பத்து நிமிஷ வேலை. அப்புறம் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

டிசம்பரில் சென்னை திரும்பினேன். பந்தயத்தில் தோற்ற ரோஷத்தில், தினமும் காலையில் பல் தேய்க்கும்போதே வேகஸ் ஸ்கோர் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது. கார்ல்சன் அந்த சீசனில் அடித்தது 43 கோல்!

மந்திரமா மாயமா? ஒன்றுமில்லை. ஓர் ஆட்டம் 60 நிமிஷம். கொலம்பஸில் அவரை இறக்கியது சராசரியாகப் 13 நிமிஷம் சொச்சம்தான். அதுவும் எதிரணியைத் தடுக்கிற வேலை. வேகஸில் மார்ஷஸோ, ஸ்மித் இருவருக்கும் நடுவில் நிறுத்தி 18 நிமிஷத்துக்கு மேல் ஆடவிட்டார்கள். ஆள் அதே ஆள். சீட்தான் மாறியது! கோச் ஜெரார்ட் கலான்ட் கதையும் அதுதான். 2016 நவம்பரில் ஃப்ளோரிடா அணி வெளியூரில் தோற்ற கையோடு அவரை வேலையைவிட்டு அனுப்ப, பெட்டியோடு டாக்ஸியில் ஏறப்போன படம் பேப்பரில் வந்தது. அதே மனுஷன்தான், தங்களை 'தங்கமான உதவாக்கரைகள்' என்று தாங்களே கேலி செய்துகொண்ட இந்தக் கூட்டத்தை முதல் வருஷமே ஃபைனலுக்குக் கொண்டுபோனார். 2018 ஜூனில் வாஷிங்டனிடம் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஃபைனல் நடந்த வாரம், எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. கோவில்பட்டிப் பையனுக்குப் போன் போட்டேன். பெஞ்சில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, ராஜினாமா செய்து வேறு கம்பெனிக்குப் போயிருந்தான். இப்போது அவன் கீழே ஆறு பேர்.

"தம்பி... அந்த லிஸ்ட் நான்தான் போட்டேன்."

"தெரியும்ணே."

"டிக்கெட் கணக்கை வெச்சுப் போட்டேன்பா..."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "யாராலயும் முடியாத பழைய டிக்கெட்டெல்லாம் எங்கிட்டதாண்ணே தள்ளுவாங்க. ஒண்ணு முடிக்கவே நாலு நாள் ஆவும். நீங்க எடுத்தது தப்புன்னு சொல்ல வரலண்ணே. ஒரு போன் போட்டு, 'என்னடா வேலை பாக்குற'ன்னு கேட்டிருக்கலாம். அன்னிக்கு வீட்ல அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தோம்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அப்பா இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். ஒரு வருஷம் லேட்டாக.

"நல்லா இருக்காருண்ணே. டீக்கடை வரைக்கும் நடக்காரு" என்றான்.

2023-ல் வேகஸ் கோப்பையை வாங்கியே விட்டது. ஃபைனலில் தோற்றது யார் தெரியுமா? மார்ஷஸோவையும் ஸ்மித்தையும் விட்டுக்கொடுத்த அதே ஃப்ளோரிடா! அந்தத் தொடர் ஆட்டங்களில் சிறந்த ஆட்டக்காரர் விருது மார்ஷஸோவுக்கு. 'சுபம்' என்று போட்டுவிடலாம் என்று பார்த்தால், கோப்பை வந்த பதினைந்தாம் நாள் சம்பளக் கணக்கு உதைக்கிறது என்று ஸ்மித்தைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம், 2024 ஜூலையில், மார்ஷஸோவும் நாஷ்வில் போய்விட்டார். லிஸ்ட் யாரையும் விடுவதில்லை. ஒதுக்கப்பட்டவர்களை வைத்துக் கோப்பை வாங்கியவர்களுக்கும் ஒருநாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

நான் இப்போதும் லிஸ்ட் போடுகிறேன். சம்பளம் வாங்குகிறேனே, போட்டுத்தானே ஆகவேண்டும்? ஆனால் எக்ஸெலைத் திறப்பதற்கு முன்னால் எட்டுப் பேருக்கும் போன் பண்ணுகிறேன். பத்து நிமிஷத்தில் முடிந்த வேலைக்கு இப்போது இரண்டு நாள் ஆகிறது. 'பொறுப்பாளர் வேகம் போதாது' என்று போன அப்ரைசலில் எனக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

எழுதியவர் எனக்குப் போன் பண்ணிக் கேட்கவில்லை.