வெறிச்சோடிய தெருக்கள்
சென்ற மாதம் வந்தாறுமூலையில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். மருமகன் மடிக்கணினியைத் திறந்து, தான் முன்பு விளையாடிய 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டின் தனியார் வழங்கியொன்றைக் காட்டினான். பெரியதொரு நகரம், தெருக்களில் எவருமில்லை.

"முந்தி இதில நடக்க இடமிருக்காது மாமா. இப்ப ஒருத்தரும் இல்ல" என்றான்.

காரணம் கேளாமல் விடுவது பத்திரிகைக்காரனுக்கு வழக்கமன்று. 2004இல் வெளியான அவ்விளையாட்டைப் பிளிஸார்ட் நிறுவனம் மாற்றிக்கொண்டே வந்ததில் பழைய வடிவம் மறைந்துபோனது. இரசிகர்கள் அதனைத் தம் சொந்த வழங்கிகளில், அனுமதியின்றி, மீண்டும் உயிர்ப்பித்தார்கள். அவற்றுள் புகழ்பெற்ற நொஸ்டால்ரியஸ், நிறுவனத்தின் சட்ட அறிவித்தலால் 2016 ஏப்ரலில் மூடப்பட்டது. 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவொன்றில் ஒப்பமிட்டனர். 2019 ஆகஸ்டில் நிறுவனமே பழைய வடிவத்தை வெளியிட்டது. பலர் அங்கே சென்றுவிட்டார்கள். தடை கலைக்க முடியாத கூட்டத்தை வெற்றி கலைத்துவிட்டது.

எங்கள் மட்டக்களப்பிலும் ஒரு விளையாட்டு இருந்தது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாய்ப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும். அதற்கு உரிமையாளர் எவருமில்லை. மூடச்சொல்லிக் கடிதம் எழுதவும் ஆளில்லை. ஆயினும் அருகிப்போயிற்று.

சிறுவனாய்த் தென்சேரிப் பக்கம் நின்று கத்தியவன் நான். மருமகனுக்கு அதன் பெயர்கூடத் தெரியவில்லை. நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் தன் விளையாட்டின் வெறுந்தெருவையேனும் எனக்குக் காட்டினான். நான் அவனுக்கு எதைக் காட்டுவேன்?