காஃபர் டேப்

நாடக மேடையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் கேபிளைத் தரையோடு ஒட்டப் பயன்படுவது காஃபர் டேப். பருத்தித் துணி, மேலே பிளாஸ்டிக் பூச்சு, அடியில் பசை. அமெரிக்க ஒளிப்பதிவாளர் ராஸ் லோவெல் 1959இல் இதை உருவாக்கியதாகச் சொல்வதுண்டு.

வழக்கமான அகலம் 2 அங்குலம். கத்தரி வேண்டாம், கையாலேயே நேராகக் கிழியும். மங்கலான கறுப்பு என்பதால் விளக்கொளியில் பளபளக்காது, கேமரா கண்ணில் உறுத்தாது. ஆனால் இதன் உண்மையான பெருமை ஒட்டுவதில் இல்லை, உரிவதில்தான். டக்ட் டேப்பை உரித்தால் பிசுபிசுப்பு தரையிலேயே தங்கிவிடும். வாடகை அரங்கில் அது வீண் வம்பு. காஃபர் டேப் பெரும்பாலும் சுத்தமாக வந்துவிடும். விலை அதிகம்தான். வெயிலில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் இதன் பசையும் தடம் பதிக்கும். நிகழ்ச்சி முடிந்த கையோடு உரித்துவிடுவது நல்லது.

நடிகர் நிற்குமிடத்தைக் குறிக்க, இதே வகையில் அரை அங்குல வண்ண நாடாக்களும் உண்டு.