இரண்டு இலைகளும் ஒரு கேள்வியும்

தாளின் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டும். இடப் பக்கத்துக்குப் ‘பௌதிக மாறுதல்’ என்றும், வலப் பக்கத்துக்கு ‘ரசாயன மாறுதல்’ என்றும் தலைப்பிட வேண்டும். பிறகு உலகத்தில் நடக்கும் மாறுதல்களை எல்லாம் இந்த இரண்டு தொழுவங்களுக்குள் ஓட்டி அடைத்துவிட வேண்டும். நம் குழந்தைகளுக்குக் கீழ் வகுப்புகளில் நாம் கற்பிக்கும் விஞ்ஞானத்தில் பெரும் பகுதி இதுதான். பனிக்கட்டி உருகினால் இடப் பக்கம். காகிதம் எரிந்தால் வலப் பக்கம். எதைக் கொண்டு பிரிப்பது என்று கேட்டால், “பழைய நிலைக்குத் திரும்பினால் பௌதிகம், திரும்பாவிட்டால் ரசாயனம்” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பிக்கும். இன்றையப் பாடப் புத்தகங்கள் இவற்றை இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்கின்றன. பெயர்தான் மாறியிருக்கிறது, ஒப்பித்தல் மாறவில்லை.

சூத்திரம் சௌகரியமானதுதான். ஆனால் அதை நம்பிச் சமையலறை வரைகூடப் போக முடியாது. துவையலுக்கு அரைத்த தேங்காயை மறுபடியும் மூடியாக்கிக் காட்ட எந்தச் சித்தராலும் முடியாது. அதனால் துவையல் அரைப்பது ரசாயனமாகிவிடுமா? மோட்டார் வண்டியின் பாட்டரியோ தீர்ந்து போனபின் மின்சாரம் ஏற்றினால் பழையபடி வேலை செய்கிறது. அதனுள்ளே ஈயமும் கந்தகத் திராவகமும் சேர்ந்து நடத்துவது அசல் ரசாயன மாறுதல். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுத்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பிவிடும். திரும்பிவிட்டதே என்று அதை இடப் பக்கத்தில் எழுதினால் தவறு.

நிறத்தையும் முழுக்க நம்புவதற்கில்லை. துத்தநாக ஆக்ஸைடு என்னும் வெள்ளைப் பொடி சூட்டில் மஞ்சளாகிறது, ஆறியதும் வெள்ளையாகிறது. அங்கே புதிதாக ஒன்றும் உண்டாகவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: முன்பு இல்லாத பதார்த்தம் ஏதாவது பிறந்ததா? திரும்புவது, நிறம் மாறுவது, வாசனை வருவது எல்லாம் சாட்சிகள். சாட்சி சொல்வதைக் கேட்க வேண்டும். ஆனால் தீர்ப்பைச் சாட்சியிடம் விட்டுவிடலாகாது.

நான் உபாத்தியாயராக இருப்பது வெலிங்டனில். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையே மலை ரயில் நின்று போகும் ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர் உயரம். புத்தகத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு என்பதே காரணம். வெப்பமானியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே இதைப் பார்த்துவிடுகிறார்கள். அச்சில் இருப்பதைக் கண்ணாலும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

அதற்கு அடுத்த பாடத்துக்கு, ஆளுக்கு இரண்டு விதமான இலை கொண்டு வரச் சொல்வேன். ஒன்று, இந்த மலையில் கற்பூர மரம் என்று வழங்கும் யூகலிப்டஸின் இலை. மற்றொன்று தேயிலைக் கொழுந்து. இரண்டுக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

யூகலிப்டஸ் இலையைக் கசக்கிய உடனே நீலகிரித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறும். இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி முனை போன்ற புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். தைலம் இறக்குகிறவர் இலையைப் பாத்திரத்தில் அடைத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்கிறார். ஆவியோடு எண்ணெயும் சேர்ந்து குழாய் வழியே போய்க் குளிர்ந்து, தண்ணீரின் மேல் மிதக்கிறது. பாட்டிலில் அடைப்பது இலைக்குள் ஏற்கனவே இருந்த அதே எண்ணெய்தான். எவ்வளவு நெருப்பு, எவ்வளவு ஆவி, எவ்வளவு வாசனை! ஆயினும் இது பௌதிக மாறுதலே.

உப்பும் இந்த இனத்தைச் சேர்ந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு எடுத்தார்களே, அந்த உப்பு புதிதாகப் பிறந்ததன்று. கடல் நீரில் இருந்ததை வெயில் வெளிப்படுத்திக் கொடுத்தது, அவ்வளவே. கடலும் சூரியனும் கொடுக்கும் பொருளுக்குச் சர்க்கார் வரி எதற்கு என்று படிக்காதவரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் தர்மமும் இருந்தது. நல்ல விஞ்ஞானமும் இருந்தது.

இனித் தேயிலை. பச்சைக் கொழுந்தைக் கசக்கினால் புல்லின் வாசனைதான் வரும். நாம் காலையில் குடிக்கும் தேநீரின் மணமும் இல்லை, சிவப்பும் இல்லை. கசக்கிய கொழுந்தைத் தட்டில் வைத்துவிட்டு வேறு பாடம் நடத்துவேன். ஒரு மணி நேரத்துக்குள் பச்சை மங்கிச் செம்பு நிறம் ஏறத் தொடங்கும், வாசனையும் மாறும். இலையின் அறைகள் கிழிந்ததும் அதுவரை தனித்தனியே இருந்த பாலிபீனால்களும் ஒரு நொதியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள பிராண வாயு வந்து சேருகிறது. தியாபிளவின், தியாருபிஜின் என்று, பச்சை இலையில் இல்லாத பதார்த்தங்கள் பிறக்கின்றன. தேநீரின் பொன்னிறமும் செந்நிறமும் இவற்றால் வருபவை. இன்னொரு கொழுந்தை முதலில் கொதிக்கும் ஆவியில் காட்டிவிட்டுக் கசக்கினால் அது பச்சையாகவே இருக்கும். சூட்டில் நொதி செயலிழந்துவிட்டது. பசும் தேயிலை என்று விற்பதன் ரகசியம் இதுதான்.

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பாடம் நடக்கும்போது ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுடைய தாத்தா, 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களில் ஒருவர். தாயார் கொழுந்து பறிக்கிறவர். தகப்பனார் தேயிலைப் பாக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் இரவு வேலை பார்ப்பவர்.

“ஸார், கொழுந்து வாட்டுறது எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“தண்ணி காயுது, அவ்வளவுதானே? இடப் பக்கம்” என்றான் பின் பெஞ்சுப் பையன்.

“தண்ணி மட்டும் போனா வாசனை ஏன் மாறணும்? எங்க அப்பா வாசனை பார்த்துத்தான் இறக்கலாம்னு சொல்லுவாரு” என்றாள் அவள்.

அந்தக் கேள்வியைத் தேயிலை விஞ்ஞானிகளே கேட்டிருக்கிறார்கள். பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் தண்ணீர். பல மணி நேரம் காற்றில் வாட்டும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிறது; இது பௌதிகம். அதே நேரத்தில் இலைக்குள் புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்கள் பெருகுகின்றன, மணப் பொருள்கள் உண்டாகின்றன, இது ரசாயனம். தேயிலைத் தொழிலில் இவற்றை இரண்டு வாட்டங்களாகவே பிரித்துப் பேசுவார்கள். முதலாவதை மட்டும் எண்ணி அவசரமாகக் காயவைத்தால் இரண்டாவதற்கு நேரம் போதாமல் தூளின் குணம் குறையும். குணம் குறைந்தால் விலையும் குறையும். ஆக, பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டது அவள் வீட்டு அடுப்பெரியும் சமாசாரம்.

அந்த வருஷம் வெளியிலிருந்து வந்த ஒரு வினாத்தாளில், இலை வாடுதல் எவ்வகை மாறுதல் என்று கேட்டிருந்தார்கள். அவள் ‘இரண்டும்’ என்று எழுதிக் காரணமும் எழுதினாள். விடைக்குறிப்பில் ‘பௌதிகம்’ என்று ஒரே சொல் இருந்தது. திருத்தியவர் பூஜ்யம் போட்டார். அடுத்த தேர்வில் அதே கேள்வி வந்தபோது ‘பௌதிகம்’ என்று மட்டும் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். பூஜ்யத்தைவிட அந்த முழு மதிப்பெண்தான் எனக்கு வேதனை தந்தது. கண்ணும் மூக்கும் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூடாது என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

கோடு கிழிப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மிகவும் அவசியமான கோடு. பக்கத்து அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. திராவகத்தில் பக்குவம் செய்த பஞ்சு பார்வைக்குப் பழைய பஞ்சாகவே இருக்கும். உலர்ந்தபின் ஒரு பொறி பட்டால் கண் இமைக்கும் முன் எரிந்து மறைந்துவிடும். உருவம் மாறவில்லை, ஆகையால் வஸ்துவும் மாறவில்லை என்று நினைப்பவன் அங்கே பிழைக்க மாட்டான். கோடு வேண்டும், ஆனால் அதன் இரு புறமும் கால் வைத்து நிற்கும் மாறுதல்கள் உண்டு என்பதையும் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தி உருகுவது ஒன்று, எரிவது மற்றொன்று. இரண்டும் ஒரே திரியின் அடியில் நடக்கின்றன.

இதைக் கற்பிக்கப் பரிசோதனைச் சாலை வேண்டியதில்லை. பால் தயிராவது ரசாயனம். பாலின் சர்க்கரை புளிப்பு அமிலமாகிறது. எங்கள் குளிரில் அது தாமதிப்பதால்தான் உறை ஊற்றிய பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோம். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பது பௌதிகம். கொழுப்பு அதிலேயே இருந்தது, மத்து அதைத் திரட்டியது. வெண்ணெயைக் காய்ச்சும்போது தண்ணீர் போவது பௌதிகம். அடியில் கசண்டு சிவந்து மணப்பது ரசாயனம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தாய் தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை வீட்டுப் பாடத்தை எடுத்து வந்து, “இது எந்தப் பக்கம்?” என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். “புதிதாக என்ன பிறந்தது? எப்படித் தெரியும்?” என்று திருப்பிக் கேளுங்கள். விடை வரத் தாமதமாகலாம். அடுப்பில் நெய் சற்றுக் கூடுதலாகவே சிவந்துவிடலாம். பரவாயில்லை, காத்திருங்கள்.