காப்பி-பேஸ்ட் ஆணிகளும் மாமல்லபுரம் டிக்கெட்டும்

பொட்டி தட்டுற மக்களுக்கு ஒரு கேள்வி. உங்க புரோகிராம்ல ஒரே பத்து வரியை ரெண்டு இடத்துல எழுதினா ரிவ்யூ பண்றவர் விடுவாரா? மாட்டார். "இதைத் தனியா ஒரு ஃபங்ஷனா போடுப்பா"ன்னு திருப்பி அனுப்பிடுவார். அதே மனுஷன், டெஸ்ட் கோட்ல அதே பத்து வரி முப்பது தடவை வந்தா? "டெஸ்ட்தானே"ன்னு ஒரு ஓகேயைப் போட்டுட்டு டீ குடிக்கக் கிளம்பிடுவார்.

இந்த "தானே"தான் என்னை எழுத வெச்சது.

பொட்டி தட்டாதவங்களும் ஓடிடாதீங்க, விஷயம் ரொம்ப சிம்பிள். டெஸ்ட்ங்கறது ஒரு குட்டி புரோகிராம். பெரிய புரோகிராமைக் கூப்பிட்டு, "இதைக் கொடுத்தா இது வரணும்"னு கேட்கும். வந்தா பச்சை, வரலைன்னா சிவப்பு. ஜாவா ஆளுங்களுக்கு இதுக்கு ஜேயூனிட்னு ஒண்ணு உண்டு. 1997-ல கென்ட் பெக்கும் எரிக் காமாவும் விமானத்துல போறப்ப எழுத ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. ஒரு டெஸ்ட் எழுதிட்டா அடுத்தது காப்பி-பேஸ்ட். பேரை மாத்து, ஒரு நம்பரை மாத்து, முடிஞ்சது. இப்படித்தான் ஊர் உலகத்துல டெஸ்ட் வளருது.

போன வருஷம் எங்க டீமுக்கு ஒரு பொண்ணு புதுசா வந்து சேர்ந்தா. செங்கல்பட்டுலேர்ந்து ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் பரனூர், அங்கதான் எங்க ஆபீஸ். முதல் மூணு வாரமும் அவளுக்குக் கொடுத்த ஆணி என்னன்னா, ஒரு விதி மாறினதால சிவப்பான நூத்துச் சொச்சம் டெஸ்ட்ல அதே வரியைத் தேடித்தேடி மாத்தறது. "அண்ணா, இதுக்கா நாலு வருஷம் படிச்சேன்?"னு கேட்டா. நியாயமான கேள்வி. ஆனா என்னைப் பயமுறுத்தினது அது இல்லை. ரெண்டாவது வாரத்துக்கப்புறம் அவ விதியைப் பார்க்கவே இல்லை. புரோகிராம் என்ன நம்பர் கொடுக்குதோ அதையே டெஸ்ட்ல எழுதிப் பச்சையாக்கிட்டு இருந்தா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது, நூறு தடவை ஒரே வேலையைக் கொடுத்தா யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. ஆனா புரோகிராம் சொல்றதையே திருப்பிச் சொல்ற டெஸ்ட், டெஸ்ட் இல்லை. எதிரொலி.

ஆபீஸ் கோடை இங்க போட்டா வேலைக்கு உலை. அதனால நம்மூர் உதாரணம். ஞாயித்துக்கிழமைகள்ல மொட்டை மாடியில நாலு பசங்களுக்கு டெஸ்டிங் சொல்லித் தர்றேன். அவங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்: மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் தர்றாங்களே, அந்தக் கட்டணத்தைக் கணக்குப் போடற ஒரு சின்ன புரோகிராம். (தொல்லியல் துறையோட நிஜ மென்பொருளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.)

விதிகள் இதுதான். 2016 ஏப்ரல்ல இந்தியர்களுக்கு 10 ரூபாயா இருந்தது 30 ஆச்சு, வெளிநாட்டவருக்கு 250 ரூபாய் 500 ஆச்சு. 2018 ஆகஸ்ட்ல அது 40, 600. ரொக்கமா கொடுக்காம கார்டுல கட்டினா 35, 550. 15 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். சார்க் நாட்டுக்காரங்களுக்கும் பிம்ஸ்டெக் நாட்டுக்காரங்களுக்கும் இந்தியர் கட்டணமேதான்.

பசங்க 2016 கட்டணத்துக்கு முதல்ல எழுதினாங்க. 26 டெஸ்ட். அத்தனையும் ஒரே அச்சு: பார்வையாளரை உருவாக்கு, பேர் கொடு, வயசு 30, நாடு, தேதி, கவுன்ட்டரை உருவாக்கு, கட்டணம் கேளு, ஒப்பிடு. அப்புறம் "இப்ப 2018-க்கு மாத்துங்க"ன்னேன். ஒருத்தன் தேடி-மாற்று போட்டு 30-ஐ எல்லாம் 40 ஆக்கினான். பார்வையாளர் அத்தனை பேருக்கும் வயசும் 40 ஆயிடுச்சு :-)

அதுவாவது சிரிச்சுட்டு விடலாம். இன்னொண்ணு அப்படி இல்லை. 'பிம்ஸ்டெக் நாட்டவருக்கு இந்தியக் கட்டணம்'னு ஒரு டெஸ்ட், பச்சையா இருந்தது. சார்க் டெஸ்ட்லேர்ந்து காப்பி அடிச்சது. பேர் மாறியிருக்கு, உள்ளே நாடு மாறலை: இலங்கை. இலங்கை சார்க்லயும் இருக்கு, பிம்ஸ்டெக்லயும் இருக்கு. வங்கதேசம், நேபாளம், பூடானும் அப்படித்தான். பிம்ஸ்டெக்ல மட்டும் இருக்கறது தாய்லாந்தும் மியான்மரும். புரோகிராம்ல பிம்ஸ்டெக் விதியை யாரும் எழுதவே இல்லை. ஆனா டெஸ்ட் பச்சை! பாங்காக்லேர்ந்து வந்த ஒரு அம்மா, 40 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்துல 600 கொடுத்திருப்பாங்க. நம்மகிட்ட 26 டெஸ்ட் இருக்குன்னு நாம நிம்மதியா தூங்கியிருப்போம்.

நான் சொல்ல வந்தது இதுதான். டெஸ்ட்ல நகல் இருக்கறதோட கெடுதல் வரி அதிகமாகறது இல்லை. ஒரே மாதிரி இருக்கறதைக் கண்ணு படிக்காது, தாண்டிப் போயிடும். ஓட்டை அங்கதான் ஒளிஞ்சுக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறது? பிஎம்டின்னு ஒரு இலவசக் கருவி, அதோட சிபிடின்னு ஒண்ணு வரும். விரிவாக்கமே காப்பி-பேஸ்ட் டிடெக்டர்தான். கோடைச் சொல் சொல்லா உடைச்சு, ஒரே வரிசை எங்கெல்லாம் திரும்ப வருதுன்னு காட்டும். டெஸ்ட்டுக்கு இதைப் பயன்படுத்தறப்ப ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, வழக்கமா 100 சொல்லுக்கு மேல ஒத்துப்போனாத்தான் சொல்ற மாதிரி வெச்சிருப்பாங்க. டெஸ்ட் குட்டியா இருக்கும், வலையில சிக்காது. 40க்குக் குறைங்க. ரெண்டு, மதிப்புகளையும் பெயர்களையும் கண்டுக்காதேன்னு சொல்ற வசதி இருக்கு, அதைப் போடுங்க. இல்லைன்னா நாடும் நம்பரும் மட்டும் மாறின நகல் தப்பிச்சுடும். நம்ம நகல் முக்கால்வாசி அந்த ரகம்தான்.

கருவியே இல்லாமலும் ஒரு வழி இருக்கு. புரோகிராம்ல ஒரு விதியை வேணும்னே கெடுத்துட்டு டெஸ்ட்டை ஓட்டுங்க. எதுவும் சிவப்பாகலைன்னா அந்த விதிக்கு டெஸ்ட்டே இல்லை. எதைக் கெடுத்தாலும் அதே ஒன்பது டெஸ்ட் ஒண்ணாவே விழுது, ஒண்ணாவே எழுதுன்னா, அந்த ஒன்பதும் ஒரே டெஸ்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம். இதைத் தானா செய்ய ஜாவாவுல பிட்டெஸ்ட்னு கருவி இருக்கு.

அடுத்து குறைக்கறது. இங்கதான் ஆர்வக்கோளாறு. பசங்கள்ல ஒருத்தன் எல்லாத்தையும் ஒரே ஃபங்ஷனுக்குள்ள தள்ளிட்டான். டெஸ்ட்டைத் திறந்தா 'சோதி(உண்மை, பொய், உண்மை, 3)'ன்னு ஒரு வரி. நகல் ஒண்ணு இல்லை. புரியறதும் ஒண்ணு இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு இது சிவப்பானா, அந்த ரெண்டாவது 'பொய்' எதைக் குறிக்குதுன்னு யாரை எழுப்பிக் கேட்கறது?

1999-ல ஆண்டி ஹண்ட்டும் டேவ் தாமஸும் ஒரே விஷயத்தைத் திரும்ப எழுதாதேன்னு சொன்னப்ப, அவங்க பேசினது எழுத்தைப் பத்தி இல்லை, அறிவைப் பத்தி. ஒரு விவரத்துக்கு ஒரு இடம். இதை டெஸ்ட்டுக்கு நான் இப்படி வெச்சிருக்கேன்: 'எப்படி'ங்கறது ஒரே இடத்துல, 'என்ன'ங்கறது கண்ணு முன்னாடி. கவுன்ட்டரை எப்படி உருவாக்கறது, கட்டணத்தை எப்படிக் கேட்கறது, இதெல்லாம் ஒரு உதவி ஃபங்ஷனுக்குள்ள போகட்டும். எந்த நாடு, என்ன வயசு, எவ்வளவு ரூபாய், இது டெஸ்ட்லயே தெரியணும்.

ஜேயூனிட்ல 2006-லேர்ந்தே அட்டவணை கொடுத்து ஓட்ட வழி இருக்கு. 2017-ல வந்த ஐந்தாம் பதிப்புல இன்னும் சுலபம். பசங்களோட 26 டெஸ்ட் கடைசியில இப்படி ஆச்சு:

இந்தியா, 30 வயது, ரொக்கம் – 40
இந்தியா, 30 வயது, கார்டு – 35
இந்தியா, 14 வயது, ரொக்கம் – 0
இந்தியா, 16 வயது, ரொக்கம் – 40
மாலத்தீவு, 30 வயது, ரொக்கம் – 40
தாய்லாந்து, 30 வயது, ரொக்கம் – 40
பிரான்ஸ், 30 வயது, ரொக்கம் – 600
பிரான்ஸ், 30 வயது, கார்டு – 550
பிரான்ஸ், 14 வயது, ரொக்கம் – 0

மாலத்தீவு சார்க்ல மட்டும், தாய்லாந்து பிம்ஸ்டெக்ல மட்டும். ஒரு வரியை இன்னொண்ணு மறைக்காது. அட்டவணையைப் போர்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள, அதுவரை வாயே திறக்காத பையன் கேட்டான்: "அண்ணா, சரியா பதினஞ்சு முடிஞ்சவனுக்கு? '15 வரை'ன்னா 15 உள்ளேயா வெளியேயா?" 26 டெஸ்ட் எழுதினப்ப ஒருத்தருக்கும் தோணாத கேள்வி. ஒன்பது வரியில தோணிடுச்சு.

ஒரு எச்சரிக்கை: ஒரே மாதிரி தெரியறதெல்லாம் நகல் இல்லை. ஐந்து ரதத்துல அர்ஜுன ரதத்தையும் தர்மராஜ ரதத்தையும் பாருங்க. ரெண்டுக்கும் எட்டுப்பட்டைச் சிகரம், ஒண்ணு மத்ததோட குட்டி மாதிரியே இருக்கும். ஆனா ஒண்ணு ரெண்டு தளம், இன்னொண்ணு மூணு தளம். 14 வயசு வரியும் 16 வயசு வரியும் அப்படித்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அழகா இருக்கட்டும்னு ஒண்ணைத் தூக்கினா எல்லையே காணாம போயிடும்.

"டெஸ்ட் எண்ணிக்கை குறைஞ்சா டேமேஜர் கத்துவாரே"ன்னு கேட்கறீங்களா? அட்டவணையில ஒவ்வொரு வரியையும் ஜேயூனிட் தனி டெஸ்ட்டாத்தான் எண்ணும். ரிப்போர்ட்ல கணக்கு வந்துடும், அவருக்கும் சந்தோஷம்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் எல்லாத்தையும் கலைச்சுப் போடாதீங்க. அடுத்த தடவை ஒரு விதி மாறி இருபது டெஸ்ட் சிவப்பானா, இருபதையும் திருத்தாம அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து, இந்த இருபதுக்கும் நடுவுல நிஜமாவே வேற வேறயா இருக்கறது எதுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அந்தப் பேப்பர்தான் உங்க அட்டவணை.

டிஸ்கி: மேலே இருக்கறது 2018-ல அறிவிச்ச கட்டணம். மாமல்லபுரம் கிளம்பறவங்க கவுன்ட்டர்ல கேட்டுக்குங்க, என் டெஸ்ட்டை நம்பி சில்லறை எடுத்துட்டுப் போகாதீங்க :-)