குறியீட்டாளர் மேசையில் ஒரு தோள்பட்டை

அமெரிக்க மருத்துவமனையில் தோள்வலிக்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டுமானால், மருத்துவர் எழுதிய குறிப்பு முதலில் நோய்க்குறியீடாகவும் சிகிச்சைக் குறியீடாகவும் மாற்றப்பட வேண்டும். அவ்வேலையின் ஒரு பகுதி சென்னை, கோயம்புத்தூர், திருச்சி போன்ற நகரங்களின் அலுவலகங்களில் நடைபெறுகிறது. ‘கோடர்’ என்று துறைக்குள் அழைக்கப்படும் குறியீட்டாளர்களுள் பலர் உயிரியல், மருந்தியல், செவிலியம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்கள். நோயாளியின் விவரங்கள் கசியாதிருக்க வேண்டும் என்னும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தை முன்னிட்டு, செல்பேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, பல இடங்களில் தாளும் பேனாவும்கூட இல்லாமல், இவர்கள் பணித்தளத்திற்குள் நுழைகின்றனர்.

அங்கே வந்துசேரும் ஒரு தோள் கிழிசலை எடுத்துக்கொள்வோம். தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றிணைந்து மேற்கை எலும்பின் தலையை அதன் குழியில் பிடித்து நிறுத்துகின்றன. ‘ரொட்டேட்டர் கஃப்’ எனப்படும் இந்த அமைப்பு, வயதாக ஆகத் தேய்ந்து கிழிவதும் உண்டு, விழுந்ததாலோ பாரம் தூக்கியதாலோ ஒரே நொடியில் கிழிவதும் உண்டு. அறுவை மேசையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்றாலும், 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள ஐ.சி.டி.-10-சி.எம். என்னும் நோய்க்குறியீட்டுத் தொகுப்பு இவற்றை இரு வேறு அத்தியாயங்களில் வைக்கிறது. காயத்தால் நேர்ந்தது எனக் குறிப்பிடப்படாத கிழிசல் தசை, எலும்பு நோய்களுக்குரிய எம்75.1 பிரிவில் சேரும். அங்கே அரைகுறைக் கிழிசலா முழுக் கிழிசலா என்பதை ஐந்தாம் இடமும், வலமா இடமா என்பதை ஆறாம் இடமும் சொல்வதால், வலத் தோளின் முழுக் கிழிசல் எம்75.121 ஆகிறது. காயத்தால் நேர்ந்த கிழிசலோ எஸ்46.01 பிரிவுக்குச் செல்கிறது. விந்தை என்னவெனில், இந்தப் பிரிவில் கிழிசல் முழுமையானதா இல்லையா என்று பிரித்துக் காட்ட இடமே இல்லை. அதற்கு மாறாக, ஏழாவதாக ஓர் எழுத்து கட்டாயம் சேர்க்கப்பட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர் தடுமாறுவது அந்த ஏழாம் எழுத்தில்தான். ‘ஏ’ என்பது முதல் வருகை, ‘டி’ என்பது அடுத்தடுத்த வருகை என்று எண்ணிக்கொள்வது எளிது. விதியோ வருகையின் வரிசையைப் பார்ப்பதில்லை. காயத்திற்கான முனைப்பான சிகிச்சை, அறுவை உட்பட, நடைபெற்றுக்கொண்டிருக்கும் வரை, எத்தனை மருத்துவர்களைப் பார்த்திருந்தாலும், ‘ஏ’ தொடரும். ஆறிவரும் காலத்துப் பராமரிப்புக்கு ‘டி’. காயம் விட்டுச்சென்ற பின்விளைவுக்கு ‘எஸ்’. ஆகவே, சில வாரங்கள் கழித்து அறுவைக்கு வரும் வலத்தோள் காயக் கிழிசலுக்கு எஸ்46.011ஏ என்பதே பொருந்தும்.

இத்தொழிலின் உண்மையான கடினம் குறியீட்டைத் தேடுவதில் இல்லை, தேடாமல் நிற்பதில் இருக்கிறது. நோயாளி ஏணியிலிருந்து விழுந்தார் என்று ஒரு வரியும், எம்.ஆர்.ஐ. படத்தில் தசை கொழுப்பேறி மெலிந்திருக்கிறது என்று மற்றொரு வரியும் இருக்கும்போது, முன்னது புதுக் காயத்தையும் பின்னது நாட்பட்ட தேய்வையும் சுட்டுகின்றன. உடற்கூறு படித்த கோடருக்கு விடை தெரிந்தே இருக்கலாம், ஆனால் அதை எழுதும் உரிமை அவருக்கு இல்லை. மருத்துவரிடம் விளக்கம் கேட்டு ‘க்வெரி’ அனுப்ப வேண்டும். அதிலும், விரும்பும் விடையை நோக்கி அவரைத் தள்ளும்படியான கேள்வி கூடாது. அவ்வாறே, புறநோயாளிக் குறிப்பில் ‘கிழிசலாக இருக்கலாம்’ என்றிருந்தால், கிழிசலைக் குறியிடாமல், வலத்தோள் வலிக்குரிய எம்25.511 போன்ற அறிகுறிக் குறியீட்டோடு நின்றுவிட வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குப் பணமே முதற்காரணம். காயம் என்று பதிவானால், அது பணியிடத்தில் நேர்ந்ததா, வாகன விபத்தா, செலவை ஏற்க வேண்டிய காப்பீடு எது என்னும் வினாக்கள் எழுகின்றன. சிகிச்சைக் குறியீடுகளும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தவை: திறந்த அறுவையில் புதிய கிழிசலைத் தைப்பதற்கு 23410, நாட்பட்டதற்கு 23412 என இரண்டு எண்கள் உள்ளன, மூட்டு உள்நோக்கி வழியாகச் செய்யும் அறுவைக்கு மட்டும் இரண்டுக்கும் பொதுவாக 29827. நோய்க்குறியீடு ஒன்றும் சிகிச்சைக் குறியீடு மற்றொன்றும் சொன்னால், காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டு, ‘டினையல்’ ஆகித் திரும்பக்கூடும்.

ஆயினும் நாளொன்றுக்கு இத்தனை ‘சார்ட்’, அதாவது நோயாளிக் குறிப்பு, என்னும் இலக்கும், பொதுவாக 95 விழுக்காடு என வைக்கப்படும் துல்லியமும் ஒருசேர எதிர்பார்க்கப்படுகின்றன. இரண்டு வரிகளில் முடியும் குறிப்பும், பல பக்க அறுவை அறிக்கையும் இலக்கில் ஒரே எண்ணிக்கையாகக் கொள்ளப்படும் இடங்களில், நிதானமாகப் படிப்பவரே பின்தங்குகிறார். க்வெரி அனுப்பிய சார்ட் விடை வரும்வரை கணக்கில் சேராவிட்டால், ஐயம் எழுப்பியதற்கே அவர் விலை கொடுக்கிறார். தட்டச்சு வேலை என்று வெளியுலகம் கருதும் இது, உள்ளபடியே வாசிப்பு வேலை. அதை எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் நிறுவனங்கள் தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கின்றன.